அனிமே ஸ்கிரிப்ட் ரைட்டர் ஆகணுமா? முதல்ல அந்த மீட்டிங் ரூம்ல உக்காரக் கத்துக்கணும்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கறவங்கள்ல பாதிப் பேருக்காவது ஒரு நாள் "நானும் இந்த மாதிரி ஒண்ணு எழுதணும்"னு தோணியிருக்கும், எனக்கும் தோணுச்சு, அந்த வேகத்துல ஜப்பானிய மொழி கத்துக்கிட்டு அந்த ஊர் ரைட்டர்கள் எழுதினது, பேசினதுன்னு கிடைச்சதை எல்லாம் வருஷக்கணக்கா படிச்சிட்டு இருக்கேன். நான் ரைட்டர் ஆயிட்டேனான்னா ஆகல, அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா அந்த வேலை எப்படி நடக்குது, உள்ள போறதுக்கு எந்தெந்தக் கதவு இருக்கு, எது பூட்டியிருக்குன்னு ஓரளவுக்குப் பிடிபட்டிருக்கு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

மொதல்ல ஒரு நினைப்பைக் கழட்டி ஓரமா வைங்க. அனிமே ரைட்டர்னா தனி ரூம்ல உக்காந்து ஒரு உலகத்தையே உண்டாக்கற ஆள்னு நினைக்கறோம்ல, டிவி அனிமேல அது ரொம்ப அபூர்வம். பெரும்பாலானது மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), லைட் நாவல் (இளைஞர்களுக்கான குட்டி நாவல்), கேம் இதுல ஏதோ ஒண்ணுல இருந்து எடுத்தது, அந்த மூலத்துக்கு கென்சாகுன்னு பேரு. ஏற்கனவே ஒருத்தர் எழுதி லட்சக்கணக்குல ரசிகர்கள் வச்சிருக்கற கதையை டிவி நேரத்துக்குள்ள அடக்கறதுதான் முக்கால்வாசி வேலை. அரை மணி நேர ஸ்லாட்ல விளம்பரம் போனா 24 நிமிஷம் மாதிரி நிக்கும், அதுல ஓப்பனிங் பாட்டு 90 செகண்ட், எண்டிங் பாட்டு 90 செகண்ட், அப்புறம் அடுத்த வாரத்து முன்னோட்டம், எல்லாம் கழிச்சா கதைக்குன்னு கையில மிஞ்சறது 20, 21 நிமிஷம். அதையும் நடுவுல விளம்பர இடைவேளை வச்சு ஏ பார்ட், பி பார்ட்னு ரெண்டா வெட்டணும்.

இதுல ரெண்டு பொறுப்பு தனித்தனியா இருக்கு. கியாகுஹோன்னா ஒரு எபிசோடோட ஸ்கிரிப்ட், அதை எழுதினவர் பேரு அந்த எபிசோட்ல வரும். சீரீஸ் கோசெய்னு இன்னொண்ணு ஓப்பனிங்லயே பெருசா வரும், பார்த்திருப்பீங்க, அதுதான் தலைமை ரைட்டர். மொத்த சீசனையும் எபிசோடு எபிசோடா பிரிக்கறது, எந்த எபிசோடை எந்த ரைட்டர்கிட்ட கொடுக்கறதுன்னு பார்க்கறது, அவங்க எழுதிட்டு வர்றது ஒண்ணோட ஒண்ணு இடிக்காம பார்த்துக்கறது எல்லாம் அவர் தலையில. மூணு மாசம், 12 இல்லன்னா 13 எபிசோடு, இதை ஒரு கூர்னு சொல்வாங்க. 1998ல வந்த சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன் மாதிரி 13 எபிசோடையும் சியாகி கொனாகா ஒருத்தரே எழுதினதும் உண்டு. 1996ல ஆரம்பிச்ச டிடெக்டிவ் கோனன், 1997ல ஆரம்பிச்ச போகிமான், 2004ல ஆரம்பிச்ச பிரிக்யூர் மாதிரி வருஷக்கணக்கா ஓடறதுல ஒரு கூட்டமே எழுதும். புதுசா வர்றவங்களுக்கு இந்த நீளமான சீரீஸ்தான் பள்ளிக்கூடமா இருந்துச்சு, ஏன்னா வருஷத்துக்கு 50 எபிசோடு வேணும்னா ஒண்ணு ரெண்டை புது ஆள்கிட்ட கொடுத்துப் பார்க்கலாம். ஒரு கூர் சீரீஸ்ல தலைமை ரைட்டரே பாதிக்கு மேல எழுதிடுவார், மிச்சத்தை தனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுப்பார், அவ்ளோதான். இப்ப ஒரு கூர்தான் அதிகம், அதனால கதவு சின்னதாயிடுச்சு, இதுல மழுப்பறதுக்கு ஒண்ணுமில்ல.

சரி, தலைப்புல சொன்ன மீட்டிங்குக்கு வர்றேன், இந்த வேலையோட உயிரே அங்கதான். அதுக்குப் பேரு ஹோன்யோமி. ஹோன்னா ஸ்கிரிப்ட், யோமின்னா படிக்கறது. பொதுவா வாரத்துக்கு ஒரு தடவை, மணிக்கணக்குல இழுக்கும். யார் யாரு இருப்பாங்கன்னு பாருங்க: டைரக்டர், சீரீஸ் கோசெய், அந்த எபிசோடு ரைட்டர், ஸ்டுடியோ புரொடியூசர், பணம் போட்ட கமிட்டில இருந்து ஆளுங்க, அதாவது டிவி சேனல், மியூசிக் கம்பெனி, டிஸ்க் விக்கற கம்பெனி, அப்புறம் மங்கா வெளியிடற பதிப்பகத்துல இருந்து எடிட்டர், சில சமயம் மூல எழுத்தாளரே வந்து உக்காருவார். நீங்க ராத்திரி முழிச்சு எழுதின முதல் டிராஃப்ட், அதாவது ஷோகோ, எல்லார் கையிலயும் இருக்கும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. டைரக்டர் "இந்த இடம் மெதுவா போகுது"ம்பார், எடிட்டர் "எங்க ஹீரோயின் இப்படிப் பேச மாட்டா"ம்பார், சேனல்காரர் "காலை நேரத்துல இந்த ரத்தம் வேணாம்"பார், மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, ஆனா மூணையும் நோட் பண்ணிக்கிட்டு வீட்டுக்கு வந்து அடுத்த வாரத்துக்குள்ள ரெண்டாவது டிராஃப்ட் எழுதணும். அப்புறம் மூணாவது, நாலாவது, இனிமே கை வைக்க வேணாம்னு எல்லாரும் ஒத்துக்கற கடைசி டிராஃப்டுக்கு கெத்தேய்கோன்னு பேரு. அதுக்குள்ள அடுத்த எபிசோடோட முதல் டிராஃப்ட் நாளும் வந்து நிக்கும்.

நிறைய பேர் தோத்துப்போறது இங்கதான். எழுதத் தெரியாம இல்ல, சொன்னதைக் கேட்டுட்டு எழுதத் தெரியாம. ஒரு சிலர் சொன்னதை எல்லாம் அப்படியே போட்டு ஸ்கிரிப்டை சாம்பார்ல ரசம் கலந்த மாதிரி ஆக்கிடுவாங்க, இன்னும் சிலர் ஒரு வரி மாத்த மாட்டேன்னு மல்லுக்கு நிப்பாங்க, ரெண்டு பேரையும் அடுத்த சீரீஸுக்குக் கூப்பிட மாட்டாங்க. "இந்த சீன் ஏதோ சரியில்ல"ன்னு ஒருத்தர் சொன்னா பிரச்சனை பெரும்பாலும் அந்த சீன்ல இருக்காது, நாலு சீன் முன்னாடி நீங்க போடாம விட்ட ஏதோ ஒரு விஷயத்துல இருக்கும், அதைத் தேடிப் பிடிச்சு சரிபண்ணிட்டு அந்த சீனைத் தொடாமலே கொண்டு வர்ற ஆளைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. இதை வீட்லயே பழகலாம். நீங்க எழுதினதை அஞ்சு பேர்கிட்ட கொடுங்க, அதுல ரெண்டு பேராவது அனிமே பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்களா இருக்கட்டும், அவங்க சொல்றதுக்கு வாயைத் திறந்து பதில் சொல்லாம எழுதிக்கோங்க, ஒரே வாரத்துல திருத்தி மறுபடி கொடுங்க. எங்க அக்கா என்னோட முதல் ஸ்கிரிப்டைப் படிச்சிட்டு "யாருடா இவன், எதுக்கு ஓடறான்?"னு ஒரே கேள்வி கேட்டா, நான் அரை மணி நேரம் விளக்கினேன், அவ்வளவு விளக்க வேண்டியிருக்குன்னாலே ஸ்கிரிப்ட் ஃபெயில்தான், எனக்கு அது உறைக்கவே ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப எழுதற முறை. நேரா ஸ்கிரிப்ட் எழுத விட மாட்டாங்க, முதல்ல ஒரு பக்கம் ரெண்டு பக்கத்துல புரொத்தோ, அதாவது பிளாட். அது ஓகே ஆனதும் சிலர் ஹாகோகாகி போடுவாங்க, ஹாகோன்னா பெட்டி, ஒவ்வொரு சீனையும் ஒரு பெட்டிக்குள்ள எழுதி வரிசையா அடுக்கிப் பார்க்கறது, நம்ம ஆளுங்க ஸ்டிக்கி நோட்டை சுவத்துல ஒட்டற மாதிரிதான். அப்புறம்தான் ஸ்கிரிப்ட். அதுல மூணே மூணு விஷயம்தான் இருக்கும். ஹாஷிரா, அதாவது எந்த இடம், எந்த நேரம்னு சொல்ற தலைப்பு வரி, முன்னாடி ஒரு வட்டம் போட்டிருக்கும். தோகாகி, அதாவது கண்ணுல என்ன தெரியுதுங்கற குறிப்பு. செரிஃபு, அதாவது வசனம். அளவை இன்னமும் பழைய 200 எழுத்து கட்டம் போட்ட தாள்லதான் சொல்றாங்க, அந்தத் தாளுக்கு பேரான்னு பேரு, நம்ம பேராகிராஃப் பேரா இல்ல. சாதாரண டிராமாவுக்கு ரெண்டு பேரா ஒரு நிமிஷம்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஆனா அனிமேல பேச்சும் வேகம், படம் வரையறவங்களுக்காக குறிப்பும் அதிகமா எழுதணும், அதனால அரை மணி நேர எபிசோடு சாதாரணமா 60, 70 பேரான்னு போகும்.

தோகாகி பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். புதுசா எழுதறவங்க இப்படி எழுதுவாங்க, நானும் எழுதினேன்:

"ஹருகா ரெண்டு வருஷமா கென்ஜியையே நினைச்சு ஏங்கிட்டு இருக்கா, ஆனா அதை வெளிய காட்டிக்க மாட்டா."

இதை யார் எப்படி வரையறது? ரெண்டு வருஷம்ங்கறதை எந்தக் கலர்ல அடிக்கறது? இதே விஷயத்தை இப்படி மாத்திப் பாருங்க:

○ கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசல், ராத்திரி
மழை. ஹருகா நனைஞ்சுட்டு நிக்கறா. கையில ஆம்பளைங்க வச்சிருக்கற பெரிய கறுப்புக் குடை, மடிச்சபடி.
கென்ஜி: குடைதான் இருக்கே, விரிக்கலாம்ல.
ஹருகா: இது உன்னோடது.
கென்ஜி குடையைப் பார்க்கறான். கைப்பிடில பழைய ஸ்டிக்கர், பாதி உரிஞ்சிருக்கு.

ஏக்கம்ங்கற வார்த்தையே வரல, ஆனா குடை எத்தனை நாளா அவகிட்ட இருக்குன்னு அந்த ஸ்டிக்கர் சொல்லிடும். உங்க ஸ்கிரிப்டை வாங்கி அடுத்து ஏகொந்தே, அதாவது ஸ்டோரிபோர்டு, வரையப்போறவருக்கு கையில பிடிச்சுக்க ஒரு பொருள் கொடுத்திருக்கீங்க. அவர் அதை வச்சு ஷாட் பிரிப்பார், அப்ப உங்க வசனம் சிலது காணாமப் போகும், சிலது இடம் மாறும், டப்பிங்குக்கு வர்ற குரல் நடிகர்கள் கையில இருக்கறது அந்த ஸ்டோரிபோர்டுல இருந்து தயாரான புத்தகம், நீங்க எழுதினது அப்படியே இருக்காது. டிவில பார்க்கும்போது "நான் இப்படி எழுதலையே"ன்னு வயிறு எரியத்தான் செய்யும்.

அதே மாதிரி ஒரு வரி எழுதறது ரைட்டருக்கு இலவசம், வரையறவங்களுக்கு இல்ல. "ஆயிரம் குதிரைவீரர்கள் ஆத்தைக் கடக்கறாங்க"ன்னு எழுத பத்து செகண்டு, ஆனா குதிரை, கூட்டம், தண்ணி மூணுமே அனிமேட்டர்களைக் கதற வைக்கற விஷயம். சைக்கிள் ஓட்டறது, கிட்டார் வாசிக்கற விரல், சாப்பிடறது கூட அப்படித்தான். அதுக்காக எழுதக்கூடாதுன்னு இல்ல, ஒரு எபிசோட்ல அப்படி ஒரு பெரிய விஷயம் வச்சா மிச்ச எபிசோடை ரெண்டு பேர் ஒரு ரூம்ல உக்காந்து பேசற மாதிரி ஓட்டணும், அந்தப் பேச்சை விறுவிறுப்பா எழுதற ஆளுக்கு ஸ்டுடியோல தனி மரியாதை.

மொழி விஷயத்துல யாரும் உங்களுக்குப் பொய் சொல்ல விடாதீங்க. ஸ்கிரிப்ட் ஜப்பானிய மொழிலதான் எழுதணும், இங்கிலீஷ்ல எழுதிட்டு மொழிபெயர்த்துக்கலாம்ங்கறது டிவி அனிமேல நடக்கற காரியமில்ல. ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித் தேர்வுல என்1, அதாவது உச்ச நிலை, பாஸ் பண்ணா மட்டும் போதாது, அது படிச்சாலும் கேட்டாலும் புரியும்னு சொல்ற சர்டிபிகேட். நமக்கு ஒருத்தர் "என்னங்க சாப்டீங்களா"ன்னா கோயமுத்தூர்னு தெரியும், "ஏலே என்னல"ன்னா திருநெல்வேலின்னு தெரியும், பேரே போட வேண்டாம். அங்க "நான்"ங்கறதுக்கே ஓரே, போகு, வதாஷி, அதாஷி, வஷின்னு ஏகப்பட்டது, வாக்கியம் முடியற இடத்துல யோ, ஸே, வா, ஜான்னு ஏகப்பட்டது, எது எந்தக் கேரக்டர்க்குப் பொருந்தும்னு காது சொல்லணும். வசனத்துல பேரை மறைச்சிட்டுப் படிச்சாலும் யாரு பேசறாங்கன்னு தெரியணும்ங்கறது அங்க அடிப்படை. நம்ம ஊர்ல இதை வச்சே பழகலாம், ஒரே விஷயத்தை மதுரைக்காரர், சென்னைப் பையன், யாழ்ப்பாணத்துப் பாட்டி மூணு பேரும் சொல்ற மாதிரி எழுதிப் பாருங்க, காது எவ்வளவு கூர்மைன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பயிற்சிக்கு நான் பண்ணது ரெண்டு. ஒண்ணு, பிடிச்ச எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஸ்கிரிப்டா திருப்பி எழுதறது. ஒரு எபிசோடுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு, ஆனா ஏ பார்ட் எந்த வரில முடியுது, இடைவேளைக்கு முன்னாடி எதை ஒளிச்சு வைக்கறாங்கன்னு கைக்கே தெரிஞ்சிடும். ரெண்டாவது, டோக்கியோல 1970ல ஆரம்பிச்ச சினாரியோ சென்டர்னு ஒரு எழுத்துப்பள்ளி இருக்கு, அங்க 20 பேராவுக்குள்ள ஒரு சின்ன ஸ்கிரிப்ட்னு ஒவ்வொரு தலைப்பா எழுத வைப்பாங்க, குடை, கண்ணாடி மாதிரி ஒரு பொருளைக் கொடுத்து அதை வச்சு ஒரு கதை. நான் வீட்ல உக்காந்து அதே மாதிரி முயற்சி பண்ணேன், முதல் தடவை 20க்கு பதிலா 38 போச்சு, அதுல ஹீரோ வீட்ல இருந்து பஸ் ஸ்டாப் வர்றதுக்கே 9.

உள்ள போறதுக்கு ஒரே வழின்னு கிடையாது, அங்க இருக்கறவங்க வந்த வழியைப் பார்த்தாலே தெரியும். மாரி ஒகாதா சைதாமால இருக்கற சிசிபுங்கற மலை ஊர்க்காரர், ஸ்கூலுக்கே சரியா போகாம வீட்டுக்குள்ளயே இருந்தவர், 1998ல ஒரு எபிசோடுல டிவி அனிமேக்குள்ள வந்தவர் படிப்படியா ஏறி 2008ல டொராடோரா, 2011ல தன்னோட ஊரையே களமா வச்சு அனோஹானான்னு சீரீஸ் எழுதினார். யாசுகோ கொபயாஷி ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருந்து சூப்பர் ஹீரோ டிவி சீரீஸ் வழியா வந்தவர், பின்னாடி அட்டாக் ஆன் டைட்டனோட முதல் மூணு சீசனுக்கு சீரீஸ் கோசெய். கென் உரோபுச்சி நைட்ரோபிளஸ்ல கேம் எழுதிட்டு இருந்தவர், 2011ல மடோகா மேஜிகா. கஸுகி நகாஷிமா ஃபுதாபாஷா பதிப்பகத்துல எடிட்டர் வேலை பார்த்துக்கிட்டே மேடை நாடகம் எழுதினவர், குர்ரென் லகான் 2007. தேகோ அகாவ் முதல்ல பாட்டு பாடிட்டு இருந்தவர். மசாகி ட்ஸுஜி என்ஹெச்கேங்கற ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனத்துல இருந்து வந்து 1963ல ஆரம்பிச்ச அஸ்ட்ரோ பாய்க்கே எழுதினவர், துப்பறியும் நாவலும் தனியா எழுதினார். இத்தனை பேர்ல யாரும் "அனிமே ரைட்டர் வேலை காலி இருக்கு"ன்னு விளம்பரம் பார்த்து வரல. வேற எங்கயோ எழுதிக் கை பழகின ஆளை ஒரு புரொடியூசரோ ஒரு மூத்த ரைட்டரோ கூப்பிட்டிருக்காங்க.

இன்னைக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு நடைமுறைல ஒத்துவர்ற வழி ஸ்டுடியோக்குள்ள வேற வேலைல நுழையறது. செய்சாகு ஷின்கோன்னு ஒரு வேலை, வரைய வேண்டிய கட், அதாவது ஷாட், எல்லாம் யார்கிட்ட இருக்கு, எப்ப வரும்னு துரத்திட்டு அலையறது, தூக்கம் கிடையாது. செத்தெய் செய்சாகு, அதாவது கதைக்குத் தேவையான தகவல், டிசைன் சேகரிச்சு ஒழுங்கு பண்றது. புங்கேய்ன்னு ஸ்கிரிப்ட் சைடு வேலை, ஹோன்யோமில குறிப்பெடுக்கறது, டிராஃப்ட் நம்பர் குழம்பாம பார்த்துக்கறது. கடைசி ரெண்டுல இருந்தீங்கன்னா அந்த மீட்டிங் ரூம்ல மாசக்கணக்கா வாயை மூடிட்டு உக்காந்து பார்க்கலாம், ஒரு நாள் "நீ ஒரு பிளாட் எழுதிப் பாரேன்"னு வரும். அனிமே ஸ்டுடியோவைப் பத்தின அனிமே ஷிரோபாகோ பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2014ல வந்துச்சு, அதுல மிதோரி இதே செத்தெய் செய்சாகு வழியாத்தான் ஸ்கிரிப்ட் பக்கம் நகருவா. பார்க்காதவங்க இதைப் படிக்கறதை நிறுத்திட்டு அதைப் போய்ப் பாருங்க, சீரியஸா.

விசாவுக்கும் இந்த வழிதான் சௌகரியம். ரைட்டர்கள் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ், மாசச் சம்பளம் கிடையாது, வெளிநாட்டுக்காரர் வெறும் "நான் எழுதறேன்"னு சொல்லிட்டு அங்க தங்கறது லேசுல நடக்காது, ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்து விசா போட்டாத்தான் மூச்சு விடலாம்.

காசு பத்தி ரெண்டு விஷயம் மட்டும். எபிசோடுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, மூணு டிராஃப்ட் எழுதினாலும் ஏழு டிராஃப்ட் எழுதினாலும் பொதுவா அதே தொகைதான், அதனால ஒரு எபிசோடு எடுத்துட்டு வாடகை கட்டலாம்னு கனவு காணாதீங்க, பக்கத்துல மொழிபெயர்ப்போ கேம் வசனமோ ஏதாவது ஒண்ணு ஓடிட்டே இருக்கணும். மறு ஒளிபரப்பு, டிஸ்க் இதுக்கெல்லாம் தனியா ஒரு தொகை வரலாம், அதை வசூல் பண்ணித் தர்றதுக்கு நிஹோன் கியாகுஹோன்கா ரென்மேய்னு ரைட்டர்கள் அமைப்பே இருக்கு, ஆனா கான்ட்ராக்ட்ல மொத்தமா எழுதி வாங்கிட்டா அது போச்சு, கையெழுத்துக்கு முன்னாடி அந்த வரியைத் தேடிப் பாருங்க. 2024 நவம்பர்ல இருந்து ஃப்ரீலான்ஸ்காரங்களுக்குன்னு தனிச் சட்டம் அமல்ல இருக்கு, என்ன வேலை எவ்வளவு காசுன்னு எழுத்துல கொடுக்கணும், வேலையை வாங்கினதுல இருந்து 60 நாளுக்குள்ள காசு கொடுக்கணும். அதுக்கு முந்தி 2023 அக்டோபர்ல நுகர்வு வரிக்காக வந்த இன்வாய்ஸ் முறை சின்ன வருமானக்காரங்களுக்குத் தலைவலி, அதை ஒரு ஆடிட்டர்கிட்ட விட்டுடறது மனசுக்கு நல்லது.

கடைசியா ஒரு சின்ன விஷயம், சிரிக்காதீங்க. கிரெடிட்ல உங்க பேரு பெரும்பாலும் கதகானால, அதாவது வெளிநாட்டுப் பேரை எழுதற ஜப்பானிய எழுத்துல, வரும், அதுல ழ கிடையாது, ள கிடையாது, ல-வும் ர-வும் ஒண்ணுதான். என் ஃப்ரெண்டு ஒருத்தன் பேரு யாழினியன், அவன் எழுதிக் காட்டினப்ப யாரினியான்னு வந்துச்சு, பெண் பேரு மாதிரி இருக்குன்னு அவனே ரெண்டு நாள் பேசல. அங்க புனைபெயர் வச்சுக்கறது சகஜம்தான், மேல சொன்ன தேகோ அகாவே புனைபெயர்தான். எண்டிங் பாட்டு ஓடற 90 செகண்ட்ல உங்க பேரு ரெண்டு மூணு செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள உங்க அம்மா எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கற அளவுக்கு சின்னதா ஒண்ணு இப்பவே யோசிச்சு வைங்க.